ஒரு பழைய பிக்கப்பும் மாமாவின் கராஜும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்தமாகப் பழைய வாகனம் எதுவும் இல்லை. நான் ஓடுவது மூன்று பேரிடம் கைமாறி வந்த ஒரு கொறோலா. வேலை ஒரு றெஸ்ரோரண்டின் குசினியில். கோப்பை கழுவுவதில் தொடங்கி, வெங்காயம் உரித்து, இப்போது அடுப்புக்கு முன்னால் நிற்கிற அளவுக்கு முன்னேறியிருக்கிறேன். யாழ். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோடு, 2006இல் பாதை பூட்டிய நாட்களில், படிப்பு நின்றது. பிறகு தொடரவில்லை. ஆகவே இதைப் பெரிய ஆராய்ச்சி என்று யாரும் எண்ண வேண்டாம். அடுத்தவரின் பழைய பிக்கப்பைத் திருத்த உதவிக்குப் போய், அங்கிருந்து எங்களுடைய ஊர்ச் சரித்திரத்தில் போய் முட்டிக்கொண்ட கதை இது.

2016 பனிக்காலம். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் ஹங்கேரிக்காரர். 1956இல் அங்கே கிளர்ச்சி நசுக்கப்பட்டபின் கனடா ஏறத்தாழ 37,000 ஹங்கேரிய அகதிகளை எடுத்தது. அதில் எட்டு வயதுப் பெடியனாகத் தாய் தகப்பனோடு வந்தவர். அதிகம் கதைக்க மாட்டார். வாடகையை மட்டும் முதலாம் திகதி சரியாகக் கேட்பார். பின்வளவில் ஒரு கராஜ். அதற்குள் நீலப் படங்கு போர்த்தியபடி ஏதோ ஒன்று நின்றது. நான் குடியேறி ஒரு வருடமாக அது என்ன என்று கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு காலை பனி அள்ளுகிற சவளை எடுக்கக் கராஜுக்குப் போனேன். படங்கு விலக்கியிருந்தது. உருண்டைப் பொனற், அகன்ற மூக்கு, முகம் முழுக்கக் கறள். 1953ஆம் ஆண்டு மேர்க்குரி எம்-100 பிக்கப். கிழவரும் (அவரை இப்படித்தான் மனதுக்குள் சொல்வேன், மரியாதைக் குறைவில்லை) அவருடைய மருமகனும் பற்றறி கொழுவிக்கொண்டிருந்தார்கள். மருமகன் மைனஸ் வயரைச் சசியில் பூட்டப் போனான். இன்றைய வாகனம் எல்லாவற்றிலும் அதுதானே முறை.

"பொறுங்கோ," என்றேன். "இந்தப் பழசுகளில பிளஸ்தான் பொடிக்குப் போறது."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கறி மணம் வருகிற பேஸ்மென்ற்காரனுக்கு இது எப்படித் தெரியும் என்ற பார்வை. கிழவர் பழைய கையேட்டைப் புரட்டினார். ஆறு வோல்ற், பிளஸ் ஏர்த் என்று போட்டிருந்தது. மாறிக் கொழுவியிருந்தால் டைனமோவும் ரெகுலேற்றரும் பழுதாகியிருக்கலாம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கிழவர். அவர் என்னிடம் வாடகை தவிர்ந்த ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குத் தெரிந்தது மாமாவால். அம்மாவின் தம்பி. ஊரில் கராஜ் வைத்திருந்தவர். கராஜ் என்றால் ஒரு கிடுகுக் கொட்டில், ஒரு குழி, ஒரு வேப்பமரம், அந்த மரத்தில் எஞ்சின் தூக்குகிற சங்கிலி. அங்கே வருகிற ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் எல்லாம் பிளஸ் ஏர்த். பத்து வயதில் நான் பற்றறி மாறிக் கொழுவி மாமாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். வாங்கிய குட்டு ஒன்றும் வீண்போகாது என்பதை ஸ்காபரோவில்தான் கண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வுள்ள திங்கட்கிழமைகளில் நானும் அந்தக் கராஜில் ஒரு ஆள்.

தகட்டில் இருந்த பெயர்

பிக்கப்பில் ஒரு சின்ன அலுமினியத் தகடு இருந்தது. சீலையில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது எழுத்துத் தெரிந்தது. ஃபோர்ட் மோட்டார் கொம்பனி ஒஃப் கனடா. படம் எடுத்து மாமாவுக்கு வைபரில் அனுப்பினேன். அவருக்கு அப்போது வயது அறுபத்தைந்துக்கு மேல். கராஜை விட்டுப் பல வருடம். உடனே எடுத்தார்.

"டேய் தம்பி, உந்தப் பேர் இஞ்சத்தைப் பழைய லொறியளிலயும் இருந்ததடா. நான் பொடியனா வேலை பழகேக்க பார்த்தனான். அப்ப நாங்கள் கனடா எண்டா லொறி செய்யிற ஊர் எண்டுதான் நினைச்சனாங்கள்."

நான் நம்பவில்லை. ஃபோர்ட் அமெரிக்கக் கொம்பனி. எங்கள் ஊரை ஆண்டது பிரித்தானியா. கனடாவுக்கு இதில் என்ன வேலை? வேலை முடிந்த இரவுகளில் தேடி வாசிக்கத் தொடங்கினேன். மாமா சொன்னதில் நிறைய உண்மை இருந்தது.

1904இல் ஒன்ராறியோவின் வோக்கர்வில்லில் (இன்று வின்ட்சர் நகரத்தின் ஒரு பகுதி) கோர்டன் மக்கிறெகர் என்பவர் நடத்தியது குதிரை வண்டில் செய்கிற ஒரு தொழிற்சாலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிற்றொயிற். அங்கே ஹென்றி ஃபோர்ட் தொழில் தொடங்கி ஒரு வருடம்தான். அமெரிக்க வாகனத்தைக் கனடாவுக்குள் கொண்டுவந்தால் 35 சதவீதத் தீர்வை. ஆற்றைக் கடந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கேயே பூட்டினால் அந்தத் தொல்லை குறைவு. அதோடு பிரித்தானியச் சாம்ராஜ்ஜியத்தின் உறுப்பு நாட்டில் செய்த பொருளுக்குச் சாம்ராஜ்ஜியத்தின் மற்ற நாடுகளில் தீர்வைச் சலுகையும் உண்டு. மக்கிறெகர் ஃபோர்ட்டோடு ஒப்பந்தம் போட்டார். ஃபோர்ட் ஒஃப் கனடா பிறந்தது. பிரித்தானியாவும் அயர்லாந்தும் தவிர்ந்த சாம்ராஜ்ஜியம் முழுவதிலும் ஃபோர்ட் விற்கும் உரிமை இந்தக் கனடாக் கொம்பனிக்குப் போனது. தென்னாபிரிக்காவில் 1923, அவுஸ்திரேலியாவில் 1925, இந்தியாவிலும் மலாயாவிலும் 1926 என்று அதன் கிளைகள் தொடங்கின. இலங்கையும் அந்தச் சாம்ராஜ்ஜியத்துக்குள் இருந்த தீவுதான்.

செவர்லேயின் கதையும் இதைப் போலத்தான். ஒஷாவாவில் மக்லொக்லின் குடும்பமும் வண்டில் செய்தவர்கள். 1918இல் அது ஜெனரல் மோட்டர்ஸ் ஒஃப் கனடா ஆனது. இரண்டாம் உலகப் போரில் இந்த இரண்டு கொம்பனியும் சேர்ந்து பொதுநலவாயப் படைகளுக்கு என்று ஒரே வடிவ ட்ரக்குகளை வடிவமைத்தன. போர்க்காலத்தில் கனடா செய்த இராணுவ வாகனங்கள் ஏறத்தாழ 8 லட்சம். வட ஆபிரிக்கா முதல் பர்மா வரை அவை ஓடின.

அதாவது, அகதியாக நான் கனடாவுக்கு வருவதற்குப் பல பத்து வருடங்களுக்கு முன்னரே கனடாவின் இரும்பு எங்கள் பக்கம் வந்துவிட்டது. நாங்கள்தான் பிந்தி.

பாதி வாகனம்

இந்த இடத்தில் பிக்கப் என்பது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இது ஒரு கொம்பனி யோசித்துக் கண்டுபிடித்த வாகனம் இல்லை.

ஃபோர்ட்டின் மொடல் ரி கார் வந்தது 1908இல். வாங்கிய கமக்காரர் பலர் அதன் பின்பக்கப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகையால் ஒரு பெட்டி அடித்தார்கள். உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும், பன்றிக்குட்டி ஏற்ற வேண்டும். 1917இல் ஃபோர்ட் ஒரு தொன் பாரம் ஏற்றும் மொடல் ரிரி விற்கத் தொடங்கியபோதுகூட, தொடக்கத்தில் விற்றது சசியும் எஞ்சினும்தான். பொடியை வாங்குகிறவன் தன் ஊர்த் தச்சனிடமோ கொல்லனிடமோ செய்விக்க வேண்டும். எட்டு வருடம் கழித்து, 1925 ஏப்ரலில்தான், பின்னால் திறந்து மூடும் கதவுள்ள இரும்புப் பெட்டியோடு ஃபோர்ட் தானே ஒரு மொடல் ரி பிக்கப்பை விற்பனைக்குவிட்டது. விலை 281 டொலர். சனம் ஏற்கெனவே வீட்டில் செய்துகொண்டிருந்ததைத்தான் கொம்பனி பார்த்துச் செய்தது.

இதை வாசித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது தட்டிவான்.

நாற்பது வயது தாண்டிய யாழ்ப்பாணத்தாருக்குத் தட்டிவான் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முன்னால் பழைய லொறியின் மூக்கு. பின்னால் எங்கள் ஓடாவிமார் பலகையில் செய்த கூடு. பக்கங்கள் திறந்தபடி, குறுக்கே வாங்குகள். பின்பக்கத்தில் சங்கிலியில் தொங்கும் ஒரு தட்டி. அதை விரித்தால் கத்தரிக்காய்ச் சாக்கு, வாழைக்குலை, மீன் கடகம், புகையிலைச் சிப்பம் எல்லாம் ஏறும். இடமில்லாவிட்டால் ஆட்களும் அந்தத் தட்டியில்தான். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் சந்தைக்குப் போகிற ஆச்சிமாரை ஏற்றிக்கொண்டு ஓடியது. எங்கள் பக்கம் ஓடியதன் மூக்கு செவர்லே. மற்றதெல்லாம் எங்கள் வேம்பும் பலாவும்.

பிக்கப்பின் பின்கதவும் பழைய மொடல்களில் இரண்டு பக்கமும் சங்கிலியில்தான் தொங்கும். கிழவரின் மேர்க்குரியிலும் அப்படித்தான். முதல் நாள் அந்தச் சங்கிலியைக் கொளுக்கியில் இருந்து கழற்றியபோது வந்த சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்.

மேர்க்குரி என்ற பெயர்

அமெரிக்கர்களிடம் மேர்க்குரி பிக்கப் என்றால் சிரிப்பார்கள். அங்கே மேர்க்குரி கார்தான் இருந்தது. இது கனடாவுக்கே உரியது. கனடாவின் சின்ன ஊர்களில் அந்தக் காலத்தில் ஒரு விற்பனையாளர்தான் இருப்பார். ஒரு ஊரில் ஃபோர்ட் கடை, அடுத்த ஊரில் லிங்கன்-மேர்க்குரி கடை. கமக்காரன் வந்து ட்ரக் கேட்டால் மேர்க்குரிக் கடைக்காரன் என்ன செய்வான்? ஆகவே 1946 முதல் 1968 வரை ஃபோர்ட் ட்ரக்குகளுக்கே முகத்தை மாற்றி, மேர்க்குரி என்று பெயர் அடித்து விற்றார்கள். 1965இல் கனடாவும் அமெரிக்காவும் வாகன ஒப்பந்தம் செய்து இரண்டு சந்தையும் ஒன்றானபின் இப்படித் தனியான பெயர்களுக்குத் தேவை குறைந்துபோனது.

1953 ஃபோர்ட்டின் பிக்கப்புகளுக்கு முக்கியமான வருடம். 1948இல் தொடங்கிய எஃப் வரிசை அந்த வருடம்தான் எஃப்-100 என்ற பெயரையும் புதிய உடம்பையும் எடுத்தது. அதன் மேர்க்குரி வடிவம் எம்-100. உள்ளே இருந்தது தட்டைத் தலை வி-8 எஞ்சின். வால்வுகள் தலையில் இல்லாமல் புளொக்கிலேயே இருக்கும், ஆகவே தலை வெறும் தட்டையான மூடி. 1932இல் எட்டுச் சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக வார்த்து, சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலைக்கு ஹென்றி ஃபோர்ட் கொண்டுவந்தது. ஒரு குறை உண்டு. புகை வெளியேறும் வழி புளொக்குக்குள்ளால் போவதால் தண்ணீர் கெதியாகக் கொதிக்கும். அதற்காகவே இரண்டு தண்ணீர்ப் பம்ப்.

கறளோடு சண்டை

வீட்டில் வைத்து வாகனம் திருத்துவது பற்றிப் படங்களில் பார்ப்பது எல்லாம் மினுக்கிய கடைசி நாள். உண்மையில் முதல் ஆறு மாதமும் கறளோடு சண்டைதான். கனடாவில் பனிக்கு றோட்டில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு கீழிருந்து தின்னும். கபினின் பின்மூலைகள், கதவுக்குக் கீழேயுள்ள விளிம்பு, ஏறும் படி, நிலத்தகடு எல்லாம் விரலால் குத்தினால் பிஸ்கற் மாதிரி உடைந்தது. ஒவ்வொரு போல்ற்றுக்கும் முதல் நாள் இரவு எண்ணெய் விட்டு, அடுத்த நாள் சூடு காட்டி, அதற்கும் அசையாவிட்டால் அறுக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொன்றையும் பையில் போட்டு எழுதி வைக்க வேண்டும். குசினியில் நாங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குத் திகதி ஒட்டுகிற சுருள் ஒட்டுத்தாளை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவருக்கு அது நல்லாகப் பிடித்துக்கொண்டது.

ஒட்டு வேலை மருமகன். எஞ்சினை வெளியே கொடுத்துச் செய்வித்தார்கள். அந்தச் செலவு என்னுடைய மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். வயர், பிரேக், காபரேற்றர் எனக்கு.

2017 கோடையில் ஒரு நாள் வெளியே உருட்டிப் பார்ப்போம் என்று கிழவர் சொன்னார். நான் சாரதி இருக்கையில். கராஜிலிருந்து வீதிவரை லேசான இறக்கம். பிரேக்கை மிதித்தேன். கால் நிலம்வரை போனது. பின்சில்லு ஒன்றின் சிலிண்டர் வெடித்து ஒயில் முழுக்கப் போய்விட்டது. அந்தக் கால வாகனங்களில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் வழிதான். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். கைப்பிரேக்கும் பிடிக்கவில்லை. அண்டைவீட்டு வேலியில் முட்டித்தான் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வேலிக் காசு கிழவர் கொடுத்தார். ஆனால் அந்த ஐந்தாறு செக்கன் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஐந்து நிமிடம் முந்தித்தான் அந்த வழியால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள்.

அன்று பின்னேரம் மாமனுக்கும் மருமகனுக்கும் பெரிய வாக்குவாதம்.

எது அசல்?

மருமகன் சொன்னது: இதை அசலாக வைத்திருப்பது விசர் வேலை. முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக் போடுவோம். பழைய எஞ்சினை விற்றுவிட்டுப் புது வி-8 போடுவோம். உடம்பைத் தாழ்த்துவோம். மற்றவர்கள் எல்லாரும் செய்கிறார்கள்.

கிழவர் சொன்னது: இது என் தகப்பனின் ட்ரக். தொழிற்சாலையால் வந்தபடியே இருக்க வேண்டும். ஒரு ஆணியும் மாறக்கூடாது.

வாகனம் திருத்துகிற உலகம் முழுவதிலும் இந்த இரண்டு கட்சியும் உண்டு. ஒன்ராறியோவின் சட்டத்திலும் அதன் சாயல் இருக்கிறது. 30 வருடத்துக்கு மேற்பட்டு, பெரிதாக மாற்றப்படாத வாகனத்துக்குத்தான் சரித்திர வாகனம் என்ற தகடு. மாற்றினால் அது சரித்திரம் இல்லை, விளையாட்டுச் சாமான்.

ஆனால் மாற்றுவதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கிழவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அதே தட்டைத் தலை வி-8தான் கலிபோர்னியாவின் ஏழைப் பெடியன்கள் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி, வேறு வாகனங்களுக்குள் வைத்து, வற்றிய ஏரிகளில் ஓட்டிப் பார்த்த எஞ்சின். போரால் திரும்பியவர்கள் கையில் கொஞ்சக் காசும் படையில் பழகிய தொழிலும் இருந்தது. 1948 சனவரியில் 'ஹொட் றொட்' சஞ்சிகை தொடங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அதே கலிபோர்னியாவில் மெக்சிக்க வம்சாவளிப் பெடியன்கள் பழைய கார்களை நிலத்தோடு தாழ்த்தி மெதுவாக ஓட்டினார்கள். காரின் எந்தப் பாகமும் சில்லு வளையத்துக்குக் கீழே வரக்கூடாது என்று 1950களின் கடைசியில் அங்கே சட்டம் வந்தது. ரொன் அகிரே என்ற இளைஞர் 1959இல் விமானங்களில் பாவிக்கும் ஹைட்றோலிக் பம்புகளைத் தன் காரில் பூட்டினார். பொலிசைக் கண்டால் தூக்கலாம், போனபின் இறக்கலாம். இப்படி ஊர்வலம்போல ஓட்டுவதற்கு அங்கத்தை நகரங்கள் போட்டிருந்த தடைகள் 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டத்தால்தான் நீங்கின.

வாக்குவாதத்தின் நடுவில் நான் ட்ரக்கின் பின்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பக்கங்களில் வரிசையாக இரும்புக் கொளுக்கிகள். கையால் வளைத்து, கரடுமுரடாக ஒட்டியவை. நிலப்பலகை 1953இல் வந்ததே இல்லை, ஏதோ பழைய களஞ்சியத்தின் பலகை.

"இந்தக் கொளுக்கி ஆர் அடிச்சது?" என்று கேட்டேன்.

"அப்பா," என்றார் கிழவர். ஒன்ராறியோவின் டெல்ஹை பக்கம் புகையிலைத் தோட்டம். ஹங்கேரியர்கள் பலர் அங்கே புகையிலை செய்தார்கள். அவருடைய தகப்பன் கூலியாகத் தொடங்கி, பிறகு சிறிய தோட்டம் எடுத்து, இந்த ட்ரக்கை எட்டு வருடம் ஓடிய பழசாக வாங்கியவர். கொளுக்கிகள் புகையிலைத் தடிகள் சரியாமல் கட்டுவதற்கு.

"அப்ப தொழிற்சாலை மாதிரி வேணுமெண்டால் இதை வெட்டவேணும்," என்றேன்.

கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனும் பேசவில்லை. நான் என் இங்கிலீசில் தட்டிவான் பற்றிச் சொன்னேன். மூக்கு ஒரு நாட்டில், கூடு இன்னொரு நாட்டில் செய்த வாகனத்துக்கு எது அசல் என்று கேட்டேன். பிறகு மண்ணெண்ணெய்க் கார் பற்றிச் சொன்னேன்.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஆனியில் மீண்டும் சண்டை தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை. பொருளாதாரத் தடை. மின்சாரமும் இல்லை. புதிய ஜப்பான் வாகனங்கள் வீட்டுக் கொட்டிலில் படுத்துவிட்டன. ஓடியவை ஏ-40களும் மொறிஸ்களும்தான். ஏன்? பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. மண்ணெண்ணெய் கூடிய அமுக்கத்தைத் தாங்காது, நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினை இடிக்கும். குறைந்த அமுக்கத்தில் சமாளிக்கும். (கிழவரின் வி-8இன் அமுக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு. யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும்.) ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே தொடக்கத்துக்கு மட்டும் சில துளி பெற்றோல். மாமா பழைய சேலைன் ரியூப் ஒன்றைக் காபரேற்றரோடு பொருத்தியிருந்தார். போத்தலைப் பிடித்துத் துளித்துளியாக விடுவது என் வேலை. எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை, கண் எரியும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதை அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்ற ஒயிலும் இல்லை. அதற்கும் ஏதோ செய்தார்கள்.

பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய்மார், காயப்பட்டவர்கள், கடைசியாக 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமத்தை விட்டு லட்சக்கணக்கில் நடந்த சனம். மாமா தன்னுடைய ஏ-40இல் நடக்கமாட்டாத கிழடுகளை ஏற்றி நாவற்குழிப் பாலத்துக்கு அங்காலே இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, திரும்பவும் ஏற்றினார். எத்தனை தடவை என்று அவரும் எண்ணவில்லை. கைதடியில் மண்ணெண்ணெய் முடிந்தது. காரை றோட்டோரம் தள்ளிவிட்டு எங்களோடு நடந்தார். திறப்பை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அங்கே கறள் பிடித்த கோது மட்டும்தான் கிடந்தது.

அந்தக் காரில் தொழிற்சாலையால் வந்தது என்று சொல்ல அரைவாசியும் இராது. ஆனால் அதைப்போல அசலான கார் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

முடிவு

கிழவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு முடிவு சொன்னார். எஞ்சின் அதே தட்டைத் தலைதான். பிரேக்கை இரட்டை வழிக்கு மாற்றி, முன்னுக்கு டிஸ்க். ஆசனப் பட்டியும் வேண்டும். சரித்திரத் தகடு கிடைக்காவிட்டால் போகட்டும். நிலத்துக்குப் புதிய ஓக் பலகை, ஆனால் களஞ்சியப் பலகையில் உக்காத இரண்டை நடுவில் வைக்க வேண்டும். கொளுக்கிகளில் ஒன்றையும் தொடக்கூடாது. அவற்றுக்குப் பெயின்ற்றும் இல்லை, எண்ணெய் மட்டும்.

2018 ஆவணியில் எஞ்சின் முதல் தடவையாக ஒழுங்காக ஓடியது. நான் சத்தத்தைப் பதிவு செய்து மாமாவுக்கு அனுப்பினேன். அவர் இரண்டு தரம் கேட்டிருக்கிறார். "நல்லா இருக்கு. ஆனா ஒரு சிலிண்டர் பிந்துது, பிளக்கைப் பார்," என்றார். பார்த்தேன். பிளக்தான்.

அந்த இலையுதிர்காலத்தில் கிழவர் என்னை ஏற்றிக்கொண்டு டெல்ஹைக்குப் போனார். தகப்பனின் தோட்டம் இப்போது வேறு ஆட்களிடம். அரசாங்கம் 2008இல் நட்டஈடு கொடுத்துப் புகையிலைக்காரரை விலகச் சொன்னபின் பலர் விட்டுவிட்டார்கள். வயல் ஓரத்தில் புகையிலை உலர்த்துகிற உயரமான பழைய கொட்டில்கள் வரிசையாகச் சரிந்து நின்றன. எங்கள் ஊர்ப் புகைக்குடில்களை விட நாலு மடங்கு பெரிது. ஆனால் உள்ளே போனபோது மணம் ஒன்றுதான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பலகையில் அந்த மணம் நின்றது. கிழவர் வெளியே ட்ரக்கின் பின்தட்டியை விரித்து அதில் இருந்தார். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். ஒன்றும் கதைக்கவில்லை.

மாமா 2020இல் செத்துப்போனார். விமானங்கள் நின்ற காலம். வீடியோவில்தான் செத்தவீடு பார்த்தேன். அவருடைய கராஜ் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. வேப்பமரத்தையும் தறித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் எந்த வருடம் எந்தப் பிக்கப்புக்கு எத்தனை ஆணி என்பதுவரை புத்தகம் இருக்கிறது. எங்கள் தட்டிவான்களின் கூட்டை எந்தப் பட்டறையில் எந்த ஓடாவியார் அடித்தார், மண்ணெண்ணெயில் காரை முதலில் ஓட்டிக் காட்டியது யார், அந்த இரவு எத்தனை பேரை எந்தக் கார் ஏற்றியது என்று எழுதிய புத்தகம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் சுகம் விசாரித்து முடிந்தபின் இதையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் மாமாவிடம் பிளக் பற்றியும் பற்றறி பற்றியும்தான் கேட்டேன். மற்றதை அடுத்த முறை கேட்போம் என்று விட்டுவிட்டேன்.